தொழிற்சாலையை விழுங்கிய தகடு

ஜெர்மனியில் ஒரு வேடிக்கைக் கதை வழங்கி வருகிறது. 1960களின் இறுதியில் அந்நாட்டு நெடுஞ்சாலைகளில் ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால், ஓட்டுபவர்கள் ஒருவருக்கொருவர் கையசைக்க மாட்டார்களாம். விரல்களை உயர்த்திக் காட்டுவார்களாம். ஒருவர் இரண்டு விரல் காட்டுவார். மற்றவர் மூன்று விரல் காட்டுவார். ‘நான் இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றியிருக்கிறேன், தெரியுமா?’ என்பது அதன் பொருள்.

அந்தக் காரின் பெயர் ரோ 80. அதைச் செய்த நிறுவனம் என்.எஸ்.யூ. கார் மோசமான கார் அன்று. 1968ஆம் ஆண்டின் சிறந்த கார் என்று ஐரோப்பிய மோட்டார் இதழாளர்கள் தேர்ந்தெடுத்த கார் அது. கெட்டுப் போனது, அதன் எஞ்சினுக்குள் இருந்த விரல் நீளமே உள்ள ஒரு தகடுதான். அந்தத் தகட்டால் வந்த பழுதுச் செலவு, என்.எஸ்.யூ. நிறுவனம் தன்னுரிமையை இழப்பதற்கு ஒரு பெருங்காரணமாயிற்று.

ஆனால் இந்தப் பழுது ரோ 80இல் திடீரென்று முளைத்ததன்று. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2,375 மட்டுமே செய்யப்பட்ட ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காரில் அது தலைகாட்டியது. அதே காலத்தில், ஜப்பானில் 1,176 மட்டுமே செய்யப்பட்ட இன்னொரு ஸ்போர்ட்ஸ் காருக்காக அதே தகட்டோடு வேறொரு கூட்டத்தார் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தனர். ஒரே எஞ்சின், ஒரே பழுது. ஆனால் முடிவு மட்டும் வேறு வேறு. அது ஏன் என்பதைத்தான் நாம் இங்கே பார்க்கப் போகிறோம்.

பிஸ்டன் இல்லாத எஞ்சின்

சாதாரணக் கார் எஞ்சினில் பிஸ்டன் உருளைக்குள் மேலும் கீழும் சென்று வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அது கோடி வரை சென்று, நின்று, திரும்ப வேண்டும். ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான முறை இப்படி நின்று திரும்புவதால்தான் எஞ்சின் அதிர்கிறது. ஓர் அச்சு சுழல வேண்டும் என்பதற்காக ஒரு பொருளை ஏன் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும்? எடுத்த எடுப்பிலேயே சுழலச் செய்தால் என்ன?

இந்தக் கேள்வி நீராவி எஞ்சின் காலத்திலிருந்தே பலரை வாட்டியது. அதற்கு, ஓடக்கூடிய விடை கண்டவர் பெலிக்ஸ் வான்கல். 1902இல் ஜெர்மனியின் லார் என்னும் ஊரில் பிறந்தவர். காட்டிலாகா அதிகாரியான அவருடைய தந்தை முதல் உலகப் போரின் தொடக்கத்திலேயே மாண்டார். பல்கலைக் கழகப் படிப்பு வான்கலுக்கு வாய்க்கவில்லை. புத்தக நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே தம் பட்டறையில் சோதனை செய்து, 1929இல் முதல் காப்புரிமையைப் பெற்றார். அவருடைய அரசியல் வாழ்க்கை பாராட்டுக்குரியதன்று. இளமையிலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 1933இல் கட்சியின் உட்பூசலில் சிறை சென்றார். வெளியே வந்து அதே ஆட்சியின் விமானத் துறைக்காக உழைத்தார். அங்கு அவர் செய்த வேலை நம் கதைக்கு முக்கியம். வாயு கசியாமல் அடைக்கும் முறைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். உலகிலேயே ‘அடைப்பு’ என்ற ஒரு பொருளை அவ்வளவு ஊன்றிப் படித்தவர்கள் சிலரே. அவருடைய எஞ்சின் அந்த அடைப்பிலேயே இடறி விழுந்ததுதான் வியப்பு!

1951இல் வான்கல் என்.எஸ்.யூ. நிறுவனத்துடன் சேர்ந்தார். நெக்கர்சுல்ம் என்னும் சிற்றூரில் இருந்த இந்நிறுவனம் 1873இல் பின்னல் எந்திரம் செய்யத் தொடங்கி, பிறகு சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மாறி, 1955இல் உலகிலேயே மிகுதியாக மோட்டார் சைக்கிள் செய்யும் நிறுவனமாக உயர்ந்திருந்தது. அங்கு 1957 பிப்ரவரி 1ஆம் நாள் முதல் வான்கல் எஞ்சின் ஓடியது. அதில் உள்ளே இருந்த சுழலியும் சுழன்றது. வெளியே இருந்த அறையும் சுழன்றது. ஸ்பார்க் பிளக்கை மாற்ற வேண்டுமானால் எஞ்சினையே பிரிக்க வேண்டும்! இது காருக்கு உதவாது என்று கண்ட என்.எஸ்.யூ. பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே, வெளி அறையை அசையாமல் நிறுத்திவிட்டு, சுழலியை மட்டும் மையம் விலகிச் சுழலவிட்டார். வான்கலுக்கு இது பிடிக்கவில்லை. தம் பந்தயக் குதிரையை ஏர்க் குதிரையாக்கிவிட்டதாகக் குறைபட்டுக்கொண்டார். ஆனால் உலகம் ‘வான்கல் எஞ்சின்’ என்று அறிவது பாஷ்கேயின் இந்த வடிவத்தைத்தான்.

அது எப்படி வேலை செய்கிறது? இரண்டு பருப்பு உள்ள வேர்க்கடலைத் தோட்டை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். நடுவே இடுப்புச் சற்று ஒடுங்கி, இரு பக்கமும் பருத்திருக்கும். எஞ்சினின் அறை இந்த வடிவில் இருக்கிறது. அதனுள், பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று இருக்கிறது. சுழலியின் நடுவில் உள்ள உட்பற்சக்கரம், அறைச் சுவரோடு அசையாமல் பொருத்திய ஒரு சிறு பற்சக்கரத்தின் மேல் உருள்கிறது. இரண்டின் பல் விகிதம் 3:2. இதனால் முக்கோணத்தின் மூன்று முனைகளும் எப்போதும் அறையின் சுவரைத் தொட்டுக்கொண்டே சுற்றுகின்றன. முனைகளுக்கு இடையே மூன்று இடைவெளிகள். அவை விரிந்து சுருங்கி விரிகின்றன. உறிஞ்சுதல், அமுக்குதல், எரிதல், வெளியேற்றல் ஆகிய நான்கும் ஒரே சுற்றில் நடந்துவிடுகின்றன. வால்வு இல்லை, வால்வைத் திறக்கும் கோல்கள் இல்லை. சுழலி ஒரு சுற்றுச் சுற்றினால் அச்சு மூன்று சுற்றுச் சுற்றுகிறது. எஞ்சின் சிறியது, எடை குறைந்தது, அதிர்வு மிகக் குறைவு. 1960இல் என்.எஸ்.யூ. இதை வெளியுலகுக்குக் காட்டியபோது அதன் பங்கு விலை ஏறியதில் வியப்பில்லை.

முனையில் உள்ள சங்கடம்

சைக்கிள் பம்ப்பில் உள்ள தோல் வாஷர் தேய்ந்துபோனால் என்ன ஆகும்? எவ்வளவு அழுத்தினாலும் காற்று பின்னால் கசிந்துவிடும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களுக்கும் அதே வேலைதான். ஆனால் அவை அகலமான பரப்பால் உருளைச் சுவரைத் தொடுகின்றன. எப்போதும் ஒரே கோணத்தில் தொடுகின்றன.

சுழலியின் முனையில் அப்படி வளையம் மாட்ட முடியாது. ஒவ்வொரு முனையிலும் ஒரு வெட்டுப் பள்ளம் செய்து, அதில் ஒரு நீண்ட தகட்டைச் செருகி, பின்னால் ஒரு வில்லை வைத்துத் தள்ளுகிறார்கள். இந்த முனைத்தகடு சுவரை ஒரு பரப்பால் தொடுவதில்லை. ஒரு கோட்டால் தொடுகிறது. அறையின் வடிவத்தால் தகடு சுவரின் மேல் நேராகவும் நிற்பதில்லை. சுற்றும்போது ஒரு பக்கம் சுமார் 25 பாகை சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் அதே அளவு சாய்கிறது.

அதன் வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். பின்னால் சொல்லப்போகும் ஜப்பானியக் காரின் எஞ்சினில் அறையின் உட்சுற்றளவு ஏறத்தாழ 69 செ.மீ. அச்சு நிமிடத்திற்கு 7,000 சுற்றுச் சுற்றும்போது சுழலி அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2,333 சுற்றுச் சுற்றும். அப்படியானால் முனைத்தகடு வினாடிக்குச் சுமார் 27 மீட்டர், மணிக்குக் கிட்டத்தட்ட 97 கி.மீ. வேகத்தில் சுவரை உரசிக்கொண்டு ஓடுகிறது! இதுவும் சராசரிதான். அறையின் இடுப்பைக் கடக்கும்போது வேகம் குறைந்து, பருத்த பகுதியில் ஏறும். இந்த ஓட்டத்தில் அதன் ஒரு புறம் எரியும் வாயு. மறுபுறம் குளிர்ந்த பெட்ரோல் கலவை.

இங்கேதான் ஒரு விந்தையான நோய் தோன்றியது. கரும்பலகையில் சாக்பீஸைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து வேகமாக இழுத்தால், கோடு தொடர்ந்து விழாமல் புள்ளி புள்ளியாக விழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாக்பீஸ் துள்ளித் துள்ளி ஓடுகிறது. முனைத்தகடும் அவ்வாறே குறிப்பிட்ட வேகத்தில் நடுங்கத் தொடங்கி, சுவரைத் துள்ளித் துள்ளி அறைந்தது. சுவரில் பூசிய கடினமான குரோமியத்தில் சலவைக் கல்லின் வரிகளைப் போல வரிசையாகப் பள்ளங்கள் விழுந்தன. பள்ளம் விழுந்த சுவர் தகட்டை அரம் போல அராவியது. தகடு தேய்ந்தது, வாயு கசிந்தது, எஞ்சின் வலுவிழந்தது, குளிர்ந்த காலை வேளையில் கிளம்பவே மறுத்தது.

நெக்கர்சுல்மின் சிறிய கார்

என்.எஸ்.யூ. தன் முதல் சுழல் எஞ்சின் காரை 1963இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் வைத்தது. மறு ஆண்டு அது விற்பனைக்கு வந்தது. பெயர் ஸ்பைடர். இருவர் அமரும் சிறிய திறந்த கார். எடை சுமார் 700 கிலோ. எஞ்சின் பின்புறம், சாமான் வைக்கும் தட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஒரே சுழலி, 498 கன செ.மீ. கொள்ளளவு, 50 குதிரைத் திறன். ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின் அளவே உள்ள அது, காரை மணிக்குச் சுமார் 150 கி.மீ. வேகத்தில் இழுத்தது. விலை 8,500 மார்க்.

புதிய எஞ்சினை ஏன் முதலில் ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள்? விளம்பரம் ஒரு காரணம். அதைவிட நல்ல காரணம் ஒன்று உண்டு. ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர் ஆர்வத்தால் வாங்குகிறார். அதையே நம்பிப் பிழைப்பு நடத்துபவர் அல்லர். கெட்டுப்போனால் முணுமுணுத்துக்கொண்டே பணிமனைக்குக் கொண்டுவருவார். கார்களின் எண்ணிக்கையும் குறைவு. ஆயிரம் இரண்டாயிரம் கார்களின் எஞ்சின்களை இலவசமாக மாற்றிக் கொடுத்தாலும் தொழிற்சாலை தாங்கும். வாங்கியவர்களே பணம் கொடுத்துச் சோதனை ஓட்டம் செய்து தருகிறார்கள் என்றுகூடச் சொல்லலாம்!

ஸ்பைடர் உரிமையாளர்கள் அந்தச் சோதனையை நன்றாகவே செய்து கொடுத்தார்கள். முனைத்தகடுகள் தேய்ந்தன; உத்தரவாதத்தின் கீழ் எஞ்சின்கள் மாற்றப்பட்டன. ஒரே சுழலி ஆகையால் மெதுவாக ஓடும்போது எஞ்சின் உலுக்கியது. நீண்ட தூரம் ஓடும் எஞ்சினைவிட, ஊருக்குள் கொஞ்சதூரம் ஓடி ஓடி நிற்கும் எஞ்சின் விரைவில் கெட்டது. எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்திவிட்டால், ஆவியாகாத பெட்ரோல் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும்; மறுமுறை கிளப்பும்போது தகடு வறண்ட சுவரில் உரசும்.

ஸ்பைடர் 1967 வரை செய்யப்பட்டது. அந்தப் பாடங்களைக் கரைத்துக் குடித்த பின்புதான் பெரிய காரில் கைவைத்திருக்க வேண்டும் என்று இன்று சொல்வது எளிது. என்.எஸ்.யூ.வுக்குக் காத்திருக்க நேரமில்லை. மோட்டார் சைக்கிள் விற்பனை சரிந்துவிட்டது. சிறு கார்களில் இலாபம் சொற்பம். 1967இலேயே இரண்டு சுழலி, 115 குதிரைத் திறன் கொண்ட ரோ 80 வெளிவந்தது. எஞ்சின் புதிது, கால் கிளட்ச் இல்லாத கியர் அமைப்பும் புதிது, உடலமைப்பும் புதிது. இம்முறை வாங்கியவர்கள் ஆர்வலர்கள் அல்லர். மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், குடும்பத்தோடு பயணம் செய்கிறவர்கள். சில கார்கள் 24,000 கி.மீ.யிலேயே நொண்டத் தொடங்கின, 50,000 கி.மீ.க்குள் எஞ்சின் மாற்றப்பட்டவை பல.

ரோ 80இன் முனைத்தகடு ஒரே துண்டன்று. மூன்று துண்டுகளாகச் செய்திருந்தார்கள். மூன்றும் ஒரே உலோகம். நடுத் துண்டு மற்ற இரண்டையும்விட விரைவாகத் தேய்ந்து, இடையே வாயு கசிய வழி விட்டது. 1970ஆம் ஆண்டையொட்டி நடுத் துண்டை வேறு கடினமான பொருளால் செய்தபின் இந்தத் தொல்லை பெரிதும் அடங்கியது. பிந்திய கார்கள் நன்றாகவே ஓடின. ஆனால் பெயர் கெட்ட பிறகு நன்றாக ஓடி என்ன செய்ய?

பழுது பார்ப்பதில் என்ன சிக்கல்?

தேய்ந்தது ஒரு தகடுதானே, அதை மட்டும் மாற்றினால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பழுதுச் செலவின் இரகசியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

சாதாரண எஞ்சினில் உருளை தேய்ந்துபோனால் என்ன செய்கிறோம்? உருளையை உள்ளே சற்றுப் பெரிதாகக் குடைந்து, அதற்கேற்பப் பெரிய பிஸ்டனைப் போடுகிறோம். ‘ரீபோர்’ செய்வது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். உருளை வட்டமானது, வட்டத்தைக் குடையும் எந்திரம் எந்த ஊரிலும் உண்டு. வேர்க்கடலை வடிவ அறையை எந்தப் பட்டறையில் குடைவது? குடைந்தாலும், அதே பற்சக்கர விகிதத்தில் சுற்றும் சுழலியின் முனை அந்தப் புதிய சுவரைச் சரியாகத் தொட வேண்டுமே! மேலே பூசிய கடினப் பூச்சு வேறு போய்விடும். ஆகவே சுவரில் வரி விழுந்தால் அறையையே தூக்கி எறிந்துவிட்டுப் புதியது போட வேண்டும்.

அதற்கு முதலில் எஞ்சினைக் காரிலிருந்து இறக்க வேண்டும். சுழல் எஞ்சின், அடுக்கி வைத்த தட்டுகளைப் போன்றது. பக்கத் தட்டு, அறை, நடுத் தட்டு, அறை, பக்கத் தட்டு என்று அடுக்கி, நீண்ட போல்ட்டுகளால் இறுக்கியிருப்பார்கள். ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அத்தனையையும் பிரிக்க வேண்டும். பிரித்தால் முனைத்தகடுகள் மட்டுமா? பக்கத் தகடுகள், மூலைப் பொத்தான்கள், எண்ணெய் வளையங்கள், தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள், சின்னஞ்சிறு விற்கள் எல்லாவற்றையும் சோதித்து மாற்ற வேண்டும். தகட்டின் விலை சொற்பம். அதைத் தொடுவதற்கு ஆகும் செலவுதான் ஆளைச் சாய்த்தது.

நோயைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அங்கே ஒரு அழுத்தமானியைச் செருகி எஞ்சினைச் சுற்றிப் பார்ப்பார்கள். ஓர் உருளைக்கு ஓர் எண் கிடைக்கும். சுழல் எஞ்சினில் ஒரு துளைக்கு எதிரே மூன்று இடைவெளிகள் மாறி மாறி வருகின்றன. சாதாரண அழுத்தமானியோ, வந்தவற்றுள் மிகப் பெரிய எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு முனைத்தகடு முறிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதன் இருபுறமும் உள்ள இரண்டு இடைவெளிகளும் கசியும். மூன்றாவது நன்றாக இருக்கும். அந்த ஒன்றின் எண்ணைக் காட்டி, ‘எஞ்சின் நலம்’ என்று அழுத்தமானி சான்று கொடுத்துவிடும்! மூன்றையும் தனித்தனியே பதிவு செய்யும் கருவி வேண்டும்.

1960களில் ஐரோப்பியப் பணிமனைகள் பலவற்றில் கருவியும் இல்லை. இந்த எஞ்சினைப் பிரித்துப் பார்த்த ஆளும் இல்லை. எனவே கார் சற்றுத் தயங்கினாலும், கிளம்ப மறுத்தாலும், எஞ்சினை அப்படியே இறக்கிவிட்டு நெக்கர்சுல்மிலிருந்து வேறு எஞ்சின் வரவழைத்து மாட்டினார்கள். உத்தரவாதம் இருந்ததால் செலவு தொழிற்சாலையின் தலையில் விழுந்தது. உத்தரவாதம் முடிந்தவர்களின் பாடு இன்னும் மோசம். பிரிட்டனில் சிலர் சுழல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, போர்டு நிறுவனத்தின் குட்டையான நான்கு உருளை ‘வீ’ வடிவ எஞ்சினைப் பொருத்திக்கொண்டார்கள். அந்த இடத்தில் அடங்கக்கூடியதாக அது ஒன்றுதான் எளிதில் கிடைத்தது. பட்டு மெத்தை போல ஓடிய கார் கட்டை வண்டி போல உறுமியது. என்றாலும் காலையில் கிளம்பியது.

ஓட்டுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிஸ்டன் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றினால் இரைச்சலும் அதிர்வும் எச்சரித்துவிடும். சுழல் எஞ்சினோ, இனிமையாகப் பாடிக்கொண்டே அழிவை நோக்கிச் சுற்றும். பின்னர் ரோ 80இல் ஓர் எச்சரிக்கை மணி வைக்க வேண்டியதாயிற்று.

ஹிரோஷிமாவின் நாற்பத்தேழு பேர்

இனி ஜப்பானுக்குச் செல்வோம். ஹிரோஷிமாவில் டோயோ கோக்யோ என்ற நிறுவனம் மூன்று சக்கரச் சுமை வண்டிகள் செய்து வந்தது. பின்னாளில் மஸ்தா என்று பெயர் பெற்ற நிறுவனம் இதுதான். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய அரசு, கார் நிறுவனங்களைச் சில பெரிய குழுக்களாக இணைத்துவிட விரும்பியது. சிறிய நிறுவனங்கள் மறைய வேண்டியதுதான். தம்மிடம் மட்டுமே இருக்கும் ஒரு தொழில்நுட்பம் வேண்டும் என்று எண்ணிய தலைவர் ட்சுனேஜி மட்சுடா, ஜெர்மனி சென்று 28 கோடி யென் கொடுத்து என்.எஸ்.யூ.விடம் உரிமம் பெற்றார். அந்நாளில் அது மலைக்க வைக்கும் தொகை.

உரிமத்தோடு வந்த எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது, சுமார் 200 மணி நேரத்தில் அது வலுவிழந்தது. பிரித்துப் பார்த்தால் சுவரெங்கும் வரிகள். ஜெர்மானியர்கள் விற்றது எஞ்சினை மட்டுமன்று, அதன் நோயையும் சேர்த்துத்தான் என்பது அப்போது புரிந்தது. அந்த வரிகளுக்கு ஜப்பானியர்கள் ‘பேயின் நகக் கீறல்’ என்று பெயர் வைத்தார்கள்.

1963 ஏப்ரலில் கெனிச்சி யமமோட்டோ என்ற பொறியாளரின் தலைமையில் இதற்கென்றே தனி ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கப்பட்டது. நாற்பத்தேழு பேர். தம் தலைவனுக்காக உயிரைக் கொடுத்த நாற்பத்தேழு வீரர்களின் கதை ஜப்பானில் குழந்தைகளுக்கும் தெரியும். இந்தப் பொறியாளர்களையும் அப்பெயராலேயே அழைக்கலானார்கள்.

அவர்கள் செய்த முக்கியமான காரியம், கேள்வியை மாற்றியதுதான் என்பது என் கருத்து. ‘இன்னும் கடினமான தகடு எது?’ என்று கேட்பதுதான் இயற்கை. அவர்களோ, ‘தகடு ஏன் நடுங்குகிறது?’ என்று கேட்டார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. உரசும் வேகம் அந்த அதிர்வெண்ணைத் தூண்டும்போது தகடு துள்ளுகிறது. அப்படியானால் அதிர்வெண்ணை மாற்றிவிட்டால்? தகட்டின் முனையருகே நெடுக்கிலும் குறுக்கிலும் சிறு துளைகள் குடைந்தார்கள். வரிகள் மறைந்தன! பிறகு, உற்பத்திக்கு ஏற்றதாக, கார்பனில் அலுமினியத்தைச் செலுத்திச் செய்த வேறொரு தகட்டை நிப்பான் கார்பன் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கினார்கள். இது வலுவானது, ஆனாலும் குரோமியச் சுவரைக் கீறாமல் வழுக்கிச் செல்லும், தேய்ந்தால் சுவர் தேயாமல் தானே தேயும்.

வேறு தொல்லைகளும் தீர்க்கப்பட்டன. எண்ணெய் உள்ளே கசிந்து வெண்புகையாக வந்தது. ரப்பர் வளையம் சேர்த்த எண்ணெய் அடைப்புகள் அதை நிறுத்தின. மெதுவாக ஓடும்போது எழுந்த உலுக்கலுக்கு இரண்டு சுழலிகள் விடையாயின. என்.எஸ்.யூ.வின் எஞ்சினில் பெட்ரோல் கலவை அறையின் சுற்றுச் சுவர் வழியாக உள்ளே வந்தது. இவர்கள் அதைப் பக்கத் தட்டு வழியாக விட்டார்கள். குறைந்த வேகத்தில் எஞ்சின் அமைதியாயிற்று.

அதற்குப் பிறகும் விற்கவில்லை. 60 கார்களைச் செய்து, தம் விற்பனையாளர்களிடமும் கொடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். 1967 மே 30ஆம் நாள்தான் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. 982 கன செ.மீ., 110 குதிரைத் திறன், விலை 14 இலட்சத்து 80 ஆயிரம் யென். நாளொன்றுக்குச் சுமார் ஒரு கார் வீதம் கைவேலையாகச் செய்தார்கள். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தய வழியில் நடந்த 84 மணி நேர ஓட்டத்தில் இரண்டு காஸ்மோக்கள் கலந்துகொண்டன. ஒன்று நான்காவதாக வந்தது. மற்றொன்று 82ஆம் மணியில் நின்றுவிட்டது. காரணம், பின் அச்சு முறிவு, எஞ்சின் அன்று. பேயின் நகங்கள் பிறந்த நாட்டிலேயே அவற்றை வெட்டிக் காட்டியாயிற்று.

காஸ்மோ 1972 வரை செய்யப்பட்டது. மஸ்தாவும் நீண்ட காலம் காத்திருக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். காஸ்மோ வெளிவந்த மறு ஆண்டே, அதே எஞ்சினைச் சற்று அடக்கி மலிவான சிறு காரில் வைத்து விற்கத் தொடங்கியது. வேறுபாடு, காத்திருந்த இடத்தில் இருக்கிறது. அவர்களுடைய தேய்ந்த எஞ்சின்கள் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்தில் தேய்ந்தவை, என்.எஸ்.யூ.வின் தேய்ந்த எஞ்சின்கள் வாடிக்கையாளரின் வீட்டு வாசலில் தேய்ந்தவை.

கணக்கு முடிந்த விதம்

1969இல் என்.எஸ்.யூ., வோக்ஸ்வாகனுக்குச் சொந்தமான ஆட்டோ யூனியனுடன் இணைக்கப்பட்டது. பழுதுச் செலவு ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. புதிய கார்களை உருவாக்கிய செலவும், முதல் குறைவாக இருந்ததும் சேர்ந்துகொண்டன. ரோ 80 மொத்தம் 37,000க்குச் சற்று மேல் செய்யப்பட்டு, 1977இல் நின்றது. அத்துடன் என்.எஸ்.யூ. என்ற பெயரும் கார்களிலிருந்து மறைந்தது. நெக்கர்சுல்ம் தொழிற்சாலையில் இன்று ஆடி கார்கள் செய்யப்படுகின்றன. வான்கலோ நட்டப்படவில்லை. அவரும் கூட்டாளியும் தங்கள் உரிமைகளை 1971இல் 10 கோடி மார்க்குக்கு லோன்ரோ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்திற்கு விற்றுவிட்டார்கள். கண்பார்வை மிகக் குறைவாக இருந்த வான்கல் கார் ஓட்டும் உரிமம் பெற்றதே இல்லை என்பார்கள். 1988இல் காலமானார்.

பிரான்சின் சிட்ரோயன் செய்ததுதான் இவற்றுள் விசித்திரமானது. அது 1969 முதல் 1971 வரை 267 சுழல் எஞ்சின் கார்களைச் செய்து, தேர்ந்தெடுத்த வாடிக்கையாளர்களிடம் சோதனைக்காக விற்றது. பிறகு 1973 அக்டோபரில் இரண்டு சுழலி கொண்ட பெரிய மாதிரியை வெளியிட்டது. அதே மாதத்தில் எண்ணெய் நெருக்கடி வெடித்தது. பெட்ரோலைத் தாராளமாகக் குடிக்கும் காரை யார் வாங்குவார்? 847 கார்களோடு உற்பத்தி நின்றது. அந்தச் சில நூறு கார்களுக்காக ஆண்டுக்கணக்கில் உதிரிப் பாகம் செய்து வைப்பதைவிட, கார்களையே திரும்ப வாங்கி நொறுக்கிவிடுவது மலிவு என்று நிறுவனம் கணக்கிட்டது. அப்படியே பலவற்றை வாங்கி நொறுக்கவும் செய்தது. தர மறுத்தவர்களிடம் இருந்தவை மட்டும் தப்பின.

குறைந்த எண்ணிக்கையில் செய்யப்படும் எந்தக் காருக்கும் உள்ள விதி இது. தேய்ந்த தகட்டைப் புதிதாகச் செய்துகொள்ளலாம். 1,176 கார்களுக்காக வார்த்த அறையை ஐம்பது ஆண்டு கழித்து எங்கே தேடுவது? ஆகவே இன்று காஸ்மோ வைத்திருப்பவர்கள், ஓடாத காஸ்மோ எங்காவது கிடைக்காதா என்று பார்க்கிறார்கள். அந்தக் கார் ஏலங்களில் ஒரு இலட்சம் டாலரையும் தாண்டி விலை போயிருக்கிறது.

மஸ்தா மட்டும் முனைத்தகட்டை விடவில்லை. யமமோட்டோ 1984இல் அந்நிறுவனத்தின் தலைவரானார். 1991இல் நான்கு சுழலி கொண்ட அதன் பந்தயக் கார் பிரான்சின் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. ஆனாலும் நோய் அடியோடு தீர்ந்ததாகச் சொல்ல முடியாது. 2012இல் நிறுத்தப்பட்ட ஆர்.எக்ஸ். 8 என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு, அமெரிக்காவில் எஞ்சின் உட்பாகங்களுக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று நீட்டிக்க வேண்டியிருந்தது. அந்த எஞ்சினின் முனைத்தகடு 2 மி.மீ. தடிமன் உள்ளது. 2023இல் மஸ்தா மின்சாரக் கார் ஒன்றில் மீண்டும் ஒற்றைச் சுழலி எஞ்சினை வைத்தது. அது சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. மின்கலத்திற்கு மின்சாரம் ஊட்டும் ஜெனரேட்டரை மட்டும் சுழற்றுகிறது. அதில் முனைத்தகட்டின் தடிமனை 2.5 மி.மீ. ஆக்கியிருக்கிறார்கள்.